விழப்போற பல்லுதானே?

போன வாரம் திருவையாத்துல இருந்து அக்கா போன். அழாத குறை. "தம்பி, இவனுக்கு ரெண்டு வரிசையா பல்லு முளைக்குதுடா!"

பையனுக்கு ஆறரை வயசு. கீழ் முன்பல் ரெண்டுக்கும் பின்னாடி, நாக்குப் பக்கமா புதுப்பல் எட்டிப் பாக்குது. பால்பல் இன்னும் விழலை. அவ்ளோதாங்க மேட்டர். அதுக்குள்ள எதிர்வீட்டு பாட்டி நூலோட ரெடி. சித்தப்பா ஒருத்தர், 2019 ஜூலையில சென்னை சவீதா பல் மருத்துவமனையில ஏழு வயசுப் பையன் தாடையில இருந்து 526 பல் எடுத்தாங்களே, அந்தச் செய்தியைத் தேடிப்பிடிச்சு குடும்ப வாட்ஸப்ல போட்டுட்டார். அது தாடைக்குள்ள வளர்ந்த கட்டி சாமி! இதுக்கும் அதுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

புதுப்பல் மேல வரும்போது பால்பல்லோட வேர் கரையணும். புதுசு கொஞ்சம் பின்னாடி தள்ளி வந்தா வேர் முழுசா கரையாது, பழசு நின்னுடும். பெரும்பாலும் அதுவே ஆடி விழுந்துடும். நாக்கு தள்ளித் தள்ளி புதுசை முன்னாடி கொண்டு வந்துடும். ரெண்டு மூணு மாசமாகியும் ஆடவே இல்லைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, நூலைத் தூக்காதீங்க.

எனக்குக் கோவம் வந்தது இதுல இல்லை. அக்கா அனுப்பின போட்டோவுல, கடவாப்பல்லுல கருப்பா ஒரு ஓட்டை. கேட்டா, "அது ஒரு வருஷமா இருக்குடா, விழப்போற பல்லுதானே!"

அடப்பாவிங்களா! தானா விழற முன்பல்லுக்கு ஊரே கூடுது. பத்து, பதினோரு வயசு வரைக்கும் நிக்க வேண்டிய கடவாப்பல்லை யாரும் சீந்தலை. அது மெல்றதுக்கு மட்டும் இல்லைங்க, அடியில வர்ற பல்லுக்கு எடம் பிடிச்சு வைக்குது. சொத்தையாகி சீக்கிரம் போச்சுன்னா பின்னாடி இருக்கற பல் முன்னாடி சாயும், எடம் அடைபடும். அப்புறம் பதிமூணு வயசுல கம்பி கட்ட காசு தேடணும். அந்தப் பின்னாடி பல்லும் ஆறு வயசுல எதுவும் விழாமலே முளைக்கற நிரந்தரப் பல். அதையும் பால்பல்னு நினைச்சு கோட்டை விடறவங்க நிறைய பேர்.

நாத்து பறிக்க நாள் எண்ணுற ஊருங்க இது. ஒரு வாரம் முன்னாடியே பறிச்சா என்னன்னு கேட்டா வரப்புலயே அடிக்க வருவாங்க. புள்ள வாயில மட்டும் அந்தக் கணக்கு எங்க போகுதுன்னு தெரியலை.

நாளைக்கு அக்கா தஞ்சாவூர் போறா, கடவாப்பல்லைக் காட்ட. முன்பல்லை மாப்ள நாள் முழுக்க நாக்கால ஆட்டிக்கிட்டே இருக்காராம். கூரையில எறிய சாணி உருண்டை கூட ரெடியாம் :)