ஒலிநாடாக்கள் ஊமையாகும் முன்னர்

எம்மவர் இல்லங்கள் பலவற்றில், ஊரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒலிநாடாக்கள் இன்னும் இருக்கின்றன. திருவிழா மேளக்கச்சேரி, நாட்டுக்கூத்து, அப்பாச்சி பாடிய தாலாட்டு என அவற்றுள் ஒரு தேசத்தின் குரலே அடங்கிக் கிடக்கின்றது.

பெட்டியில் இருப்பதனால் அவை பாதுகாப்பாக உள்ளன என எண்ணுதல் தவறு. காந்தத் துகள்களை நாடாவில் பற்றிவைத்திருக்கும் பசை ஈரப்பதத்தினால் சிதைகின்றது. இயக்கும் கருவிகளும் அருகிவிட்டன. காந்த நாடாக்களுக்கு 2025ஆம் ஆண்டே எல்லை என அவுஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது.

நாடாக் கருவியைக் கணினியுடன் இணைத்துப் பதிவுசெய்தல் கடினமன்று. மூலப் பிரதி சுருக்கப்படாத வேவ் கோப்பாக இருத்தல் வேண்டும். எம்பி3 பகிர்வதற்கு மட்டுமே ஏற்றது. அது ஒலியின் ஒரு பகுதியைக் களைந்துவிடும். இரைச்சலை நீக்குவதாயின் மறுபிரதியிலேயே நீக்குக.

ஆயினும் கணினியால் இயலாத பணி ஒன்றுண்டு. தவில் வாசிப்பவர் யார், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்பவற்றை எமது முதியோரே அறிவர். அவர்களை அருகில் இருத்திக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் மறைந்தபின் அது பெயரற்ற ஓசை மட்டுமே.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மறுபிரதியில்லாத ஏட்டுச்சுவடிகள் மீளவேயில்லை. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஓரிரவில் அழியும். ஆகவே ஒரு பிரதி பாரிசிலும், ஒன்று ரொறன்ரோவிலும், ஒன்று ஊரிலும் இருக்கட்டும்.