உணவுக்கூட மேசை

பெங்களூரில் 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி.யும் தோன்றின, நம்மவர் பலர் இத்தகைய ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தனர். யான் பணியாற்றிய ஆலையில் இயந்திரத்தின்முன் பல மொழியினரும் ஒன்றாக நிற்போம். உணவு மணி அடித்ததும் மொழிக்கொரு மேசையாகப் பிரிந்துவிடுவோம். ஆயுத பூசையன்று மட்டுமே அவ்வேலி இராது. இயந்திரத்துக்குப் பூச்சூட்டி, மனைவி மக்களை அழைத்துவந்து காட்டுவோம். பத்தாண்டு அருகில் நின்றவருடைய பிள்ளையின் பெயரை அன்றுதான் அறிவோம். இஃதென்ன விந்தை!

1980 டிசம்பர் இறுதியில் தொடங்கிய பொதுத்துறை வேலைநிறுத்தம் 77 நாட்கள் நீடித்தது. சம்பளமில்லை, அடுப்பில் பூனை உறங்கும் நிலை. அப்போது ராகி மூட்டையுடன் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார், அடுத்த இயந்திரத்துக் கன்னட நண்பர். அவரும் சம்பளமிழந்தவரே, ஊரில் சிறிது நிலமிருந்தது. வேலைக்குத் திரும்பிய அன்று, உணவுக்கூடத்தில் அவர் மேசைக்குச் சென்று, "ஊட்டா ஆய்த்தா?" என்றேன். அரைகுறைக் கன்னடந்தான். அவர் நகர்ந்து இடங்கொடுத்தார்.

அன்பர்களே, என் பேரன் எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரிகிறான். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் எவ்வூரார் என்று அவனை வினவினேன். "தெரியாது, தாத்தா" என்றான். வரும் ஆயுத பூசைக்கு யானும் அவன் அலுவலகம் செல்வதாக இருக்கிறேன்.