மனத்திடம் என்னும் பழி

புகைப்பவனை "மனத்திடமற்றவன்" என்று தள்ளிவிடுவது நமக்கு எளிதாயிருக்கின்றது. செம்மண்ணிற் புகையிலை நட்டு, கொக்குவிலிற் சுருட்டுச் சுற்றி, அவ்வருவாயிற் பிள்ளைகளைப் படிப்பித்த சமூகம் நாம். பழியை மட்டும் அவன் தலையிற் சுமத்துகின்றோம்!

நிக்கோட்டின் மூளையைப் பிணிக்கும் பொருள். அதை விட்டவுடன் எழும் எரிச்சலும் உறக்கமின்மையும் ஒழுக்கக்கேடல்ல, நோய்க்குறிகள். இதற்கு மருந்துண்டு. நிக்கோட்டின் சுவிங்கத்தையும் தோலில் ஒட்டும் பிளாஸ்டரையும் உலக சுகாதார தாபனம் 2009இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. இலங்கை 2003இல் ஏற்ற புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரையும் இச்சிகிச்சையை வளர்க்குமாறு அரசைக் கடமைப்படுத்துகின்றது.

ஆயினும் வைத்தியர் பலர் "சிகரெட்டை விடும்" என்ற ஒற்றைச் சொல்லோடு அடுத்த நோயாளியை அழைக்கின்றனர். நீரிழிவுக்காரனை இவ்வாறு வெறுங்கையோடு அனுப்புவரோ? நம் பல்கலைக்கழக மருத்துவ மாணவர், "எந்த நாளில் விடப்போகிறீர்? அடுத்த கிழமை என்னிடம் வருவீரா?" என்று கேட்கப் பழகட்டும்.