பழுதான வீடியோ கேம்: டவுன்லோடு செய்தாலும் பணம் திரும்ப வேண்டும்

காசு கொடுத்து வாங்கிய வீடியோ கேம் திறக்கவே மறுத்தாலோ, பாதியில் உறைந்து நின்றாலோ, சேமித்து வைத்த ஆட்டம் அழிந்துபோனாலோ, விற்ற கடைதான் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ‘டவுன்லோடு செய்துவிட்டீர்கள்’, ‘கெடு முடிந்துவிட்டது’ என்று கைவிரிப்பதை எங்கள் நுகர்வோர் அமைப்பு ஏற்கவில்லை.

ஸ்டீம் என்ற இணையவழி கேம் கடையில், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மனம் மாறியவருக்குத் தரும் சலுகை. கடைசிக் கட்டத்தில் ஒளிந்திருக்கும் பழுதை முதல் இரண்டு மணி நேரத்தில் யார் கண்டுபிடிப்பது? சலுகைக்கு வைத்த கெடுவை உரிமைக்கும் சேர்த்து வைப்பதுதான் எங்கள் ஆட்சேபம்.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு 2016இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. 2020இல் சோனியின் ஐரோப்பியக் கிளைக்கு 35 லட்சம். டவுன்லோடு ஆனபின், அல்லது 14 நாள் கடந்தபின் பணம் தரத் தேவையில்லை என்று சோனி சொல்லிவந்திருந்தது. கேமைத் தயாரித்தவர் அனுமதித்தால்தான் பணம் என்றும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்கள். காசை வாங்கிக்கொள்ளும்போது மட்டும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை!

அதே 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் பழைய கன்சோல்களில் படுமோசமாக ஓடியபோது, சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. உலகமே கூச்சல் போட்டதால் நடந்தது அது. அதிகம் பேசப்படாத ஒரு கேமை வாங்கி ஏமாந்த ஒற்றை ஆளுக்கும் அதே நியாயம் வேண்டும்.

நம் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும், குறைபாடான சேவைக்குப் பணம் தர மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் கெடு குறிக்கப்படாவிட்டால் 30 நாள். சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் மிக்ஸியும் குக்கரும் இருந்திருக்கலாம். ஆனாலும் கேமைப் பொருள் என்றாலும் சேவை என்றாலும் விற்றவர் நழுவ முடியாது என்றே நாங்கள் வாசிக்கிறோம். டிஜிட்டல் விற்பனைக்கும் இது பொருந்தும் என மத்திய அரசு வெளிப்படையாக விதி வகுக்க வேண்டும். திருப்பித் தருவது பணமாக இருக்க வேண்டும், அந்தக் கடையிலேயே செலவழிக்கும் வாலட் இருப்பாக அல்ல.

முழுக்க ஆடி முடித்துவிட்டுப் பணம் கேட்பவர்களும் உண்டுதான். கதை பிடிக்கவில்லை என்பவருக்காகவும் நாங்கள் வாதாடவில்லை. யார் எத்தனை மணி நேரம் ஆடினார் என்ற கணக்கு கடையிடமே இருக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு புகாரையும் ஒரு மனிதர் பார்த்து முடிவெடுக்கட்டும்.

பாதிக்கப்பட்டவர்கள் பழுதை வீடியோவாகப் பதிவு செய்து, ரசீதையும் கடையின் மறுப்புக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள். அதற்கும் கடை அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுத நாங்கள் உதவுகிறோம்.