விளக்கு எரிந்தால் போதுமா?

விருத்தாசலம் என்றதும் பக்தர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். தொழில் துறையினருக்கு நினைவுக்கு வருவது பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் இந்த ஊருக்கு வந்து பொம்மையாகிறது, கோப்பையாகிறது, மின்சாரக் கம்பியைத் தாங்கும் பீங்கானாகவும் பியூஸ் கட்டையாகவும் உருவெடுக்கிறது.

களிமண்ணுக்கு இரண்டு குணங்கள் உண்டு. சூளையில் வெந்து பீங்கானாகிவிட்டால் அது மின்சாரத்தைத் தன் வழியே விடாது. ஈரத்தோடு பூமிக்குள் கிடக்கும்போதோ, வரும் மின்சாரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். மனிதனின் பாதுகாப்புக்கு இவ்விரண்டு குணங்களுமே வேண்டும். கம்பத்தின் உச்சியில் பீங்கான் காவல் நிற்கிறது. வீட்டோரத்தில் எர்த் குழி காவல் இருக்கிறது. மேலே உள்ள காவலை எல்லோரும் பார்க்கிறார்கள். கீழே உள்ள காவலைக் கேட்பாரில்லை!

எர்த் என்பது என்ன? கிரைண்டர், தண்ணீர் மோட்டார், ஹீட்டர் போன்றவற்றின் உலோகக் கூட்டிலிருந்து பூமிக்குச் செல்லும் தனிக் கம்பி அது. உள்ளே காப்பு கெட்டு மின்சாரம் கூட்டில் பாய்ந்தால், அந்தக் கம்பி வழியே பெருமளவில் ஓடி, பியூஸை எரித்து, தானே துண்டித்துக்கொள்ளவேண்டும். அந்தக் கம்பி எங்காவது அறுந்திருந்தால் கூடு மின்சாரத்தோடு காத்திருக்கும், யார் கை படும் என்று. பீங்கான் பட்டறையின் நிலையை எண்ணிப் பாருங்கள். களிமண்ணைத் தண்ணீரோடு அரைக்கும் இரும்பு யந்திரம், நனைந்த தரை, ஈரக் கை. அங்கே எர்த் கம்பி அலங்காரப் பொருள் அல்ல, உயிர்க் கம்பி.

இதை எப்படிச் சோதிக்கிறார்கள்? பல இடங்களில் டெஸ்டர் ஒன்றே கருவி. எர்த் கம்பியைத் தொட்டால் டெஸ்டர் எரியவில்லை. ஆகவே சரி என்று முடிவு. ஆனால் எங்கும் சேராமல் அறுந்து கிடக்கும் கம்பியைத் தொட்டாலும் டெஸ்டர் எரியாதே!

இன்னும் சிலர் டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைக் கரண்ட் கம்பியிலும் மறு முனையை எர்த்திலும் வைத்துப் பார்க்கிறார்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் திருப்தி. இங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. 60 வாட் விளக்குக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். எர்த் வழியில் 40 ஓம் தடை இருந்தாலும் விளக்கு ஏறக்குறைய முழு ஒளியுடனேயே எரியும். ஆனால் கூட்டில் மின்சாரம் பாயும் நாளில் அந்த 40 ஓம் வழியே 6 ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும். 16 ஆம்பியர் பியூஸ் அசையாது. விளக்கு எரிந்தது உண்மை. எர்த் காப்பாற்றும் என்பது பொய். கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழி மின்சாரத்துக்கும் பொருந்தும்.

தீர விசாரிக்கும் முறை கடினமானதன்று. முதலில் மெயினை நிறுத்தி, பியூஸ்களைக் கழற்றவேண்டும். மெயின் போர்டின் எர்த் முனையில் ஒரு நீளக் கம்பியைக் கட்டி மீட்டரின் ஒரு முனையோடு சேர்த்து, மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் பெரிய துளையிலும் வைத்துப் பார்க்கவேண்டும். நீளக் கம்பியின் தடையை முன்பே அளந்து கழித்துவிடவேண்டும். வழக்கமாகக் கொள்ளப்படும் எல்லை ஒரு ஓம். ஓர் அறையில் அரை ஓமும் அடுத்த அறையில் ஐந்து ஓமும் வந்தால், நடுவில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். பல இழைக் கம்பியில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நல்ல எண்ணையே காட்டக்கூடும். ஆகவே ஒவ்வொரு திருகையும் முடுக்கி, கம்பியைக் கையால் இழுத்துப் பார்ப்பதும் சோதனையின் பகுதியே.

கம்பிகளின் காப்பை அறிய மெக்கர் இருக்கிறது. இங்கிலாந்தில் எவர்ஷெட் என்பவர் 1889-ல் உரிமம் பெற்ற கருவியின் வழியில் வந்தது இது. 1903-ல் இப்பெயர் பதிவாயிற்று. சாமான்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் அழுத்தத்தில் சோதித்தால், கம்பியின் உறைக்குள் ஒளிந்திருக்கும் கசிவு வெளிப்பட்டுவிடும். குழியைத் தனியே அளக்கவேண்டும். கோடையில் மண் காய்ந்தால் தடை ஏறும். மழைக்காலத்தில் நல்லதாக இருந்த குழி சித்திரையில் கைவிடக்கூடும்.

குழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பியூஸை எரிக்குமளவு மின்சாரத்தை மண் எப்போதும் வாங்கிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் 30 மில்லியாம்பியர் கசிந்ததுமே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி ஒவ்வொரு வீட்டிலும் அவசியம். ஆனால் அதிலும் ஒரு மயக்கம் உண்டு. அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் எர்த்தே இல்லாத வீட்டிலும் அது துண்டிக்கும். பொத்தான் சோதிப்பது கருவியை மட்டுமே, எர்த்தை அல்ல.

புது இணைப்புக்குச் சோதனை அறிக்கை தரும் வழக்கம் இருக்கிறது. ஆனால் அது கிரகப்பிரவேச நாளின் ஜாதகம் மாதிரி. பத்தாண்டுகளுக்குப் பின் துருவேறிய திருகின் கதையை அது சொல்லாது. இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டிய பழைய வீடுகளில், குழாய் பிளாஸ்டிக்காக மாறியபோது எர்த்தும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

வீட்டுக்காரர்களும் பட்டறை முதலாளிகளும் செய்யவேண்டியது ஒன்றுதான். “எர்த் இருக்கிறதா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “எத்தனை ஓம்?” என்று கேட்கவேண்டும். அந்த எண்ணையும் தேதியையும் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டச் சொல்லவேண்டும். ஆண்டுக்கொருமுறை, கோடையில், மறுபடி அளக்கவேண்டும். அளப்பதற்கு அரை நாள் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கவேண்டும். எலெக்ட்ரீஷியன்களும் விளக்கைக் காட்டித் திருப்திப்படுத்துவதை விட்டு, எண்ணைக் காட்டி நம்பிக்கை பெறவேண்டும்.

விருத்தாசலத்துச் சூளையில் வெந்த பீங்கானைத் தட்டிப் பார்த்து, ஓசை சரியில்லை என்றால் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு கோப்பைக்குக் காட்டும் அந்த அக்கறையை ஓர் உயிருக்கும் காட்டலாமல்லவா?