யார் கணக்கில் எழுதுவது?



பகல் முழுக்க வங்கியில் வரவும் பற்றும் எழுதுகிறவன் நான். பல்கலைக்கழகத்தின் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம், ஆங்கில இலக்கிய இளங்கலையின் பெண் எழுத்துத் தாளிலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் தூக்கியெறிந்தது. கூடவே மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யையும். கல்விக்குழுவில் 15 பேர் எதிர்த்து எழுதிக் கொடுத்தார்கள். எடுபடவில்லை. சேரிப் பேச்சும் நம் பெண்களின் கோபமும் வகுப்பறைக்குள் வந்தால் எவருடைய புனிதம் கெடுகிறது?

இது பழைய கணக்கு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் வந்துவிட்டது. 50 வருஷம் கழித்து, 1907இல், ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். பௌத்த வரலாறு, சாதி எப்படி வந்தது என்கிற விசாரணை, குறளுக்கு உரை — இவ்வளவு ஆய்வும் நடந்தது ஒரு பைசா இதழில், பல்கலைக்கழகத்தில் அல்ல. ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டபோது வருஷம் 1999. அதுவரை அந்தப் பழைய இதழ்களைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற நம் ஆட்கள்தான். நூலகம் செய்ய வேண்டிய வேலையை வீடு செய்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். படிக்கும்போது வண்ணாரப்பேட்டைச் சாவு வீடுகளில் பாடுகிற கானாவை ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தேன். “இதெல்லாம் இலக்கியமாப்பா? வேற தலைப்பு எடுத்துக்கிட்டு வா” என்றார் பேராசிரியர். எடுத்துக்கொண்டு போனேன். மார்க் வந்தது. பாடியவரில் பாதிப்பேர் இன்று இல்லை. அந்தப் பாட்டுகளை எழுதி வைக்கவும் ஆளில்லை. அவர் சொன்னது அவர் கணக்கு. நான் தலையாட்டியது என் பற்று, இன்னும் அடையவில்லை.

ஆகவே ஆய்வு மாணவர்களே, தலைப்பை மாற்றாதீர்கள். பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்திருப்பது யார், நம்மவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரு புத்தகத்தை நீக்கினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்காகப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்துவிடவும் வேண்டாம். அது நம் வரிப்பணத்திலும் நடக்கிறது.

இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேலை. வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். துண்டறிக்கை, பாட்டு நோட்டு, சங்க ரசீது, எது இருந்தாலும் சரி. “இன்னாத்துக்குடா இந்தக் குப்ப?” என்று அம்மா கேட்பாங்க. எடைக்குப் போட்டுடாதீங்க. நாளைக்கு எவனாவது ஆதாரம் கேட்டால் நம்மிடம் இருப்பது அதுதான்.