எந்த எண்ணெய் நல்ல எண்ணெய்?



'எண்ணெய்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். எள் + நெய் = எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்த நெய்க்குத்தான் முதலில் இந்தப் பெயர். பிறகு தேங்காயிலிருந்தும் கடலையிலிருந்தும் எடுத்தவற்றுக்கும் அதே பெயர் வழங்கலாயிற்று. பூமிக்கடியிலிருந்து கிடைத்ததுகூட 'மண்ணெண்ணெய்' ஆகிவிட்டது! ஆகவே எள்ளின் எண்ணெயைத் தனியே குறிக்க ஓர் அடைமொழி தேவைப்பட்டது. அதை 'நல்லெண்ணெய்' என்றார்கள்.

பெயரிலேயே 'நல்ல' என்ற சான்றிதழ் பெற்ற இந்த எண்ணெய்க்கு இன்று நம் சமையலறையில் ஒரு போட்டியாளர் உண்டு. அதுதான் சூரியகாந்தி எண்ணெய். எள் நமக்கு மிகப் பழைய உறவு. ஹரப்பா அகழாய்விலேயே கருகிய எள் கிடைத்திருக்கிறது. சூரியகாந்தியோ வட அமெரிக்காவில் பிறந்து, ரஷ்யாவில் எண்ணெய் வித்தாக வளர்ந்த செடி. 1969-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டிலிருந்து வந்த ரகங்களைக் கொண்டுதான் இந்தியாவில் அது எண்ணெய் வித்தாகப் பயிராகத் தொடங்கியது.

இந்த இரண்டையும் வைத்துப் பல வீடுகளில் ஒரு வழக்கு நடக்கிறது. "நல்லெண்ணெயை விட்டதால்தான் இத்தனை நோய்" என்பார் பாட்டி. "இதயத்துக்கு நல்லது என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, இனிமேல் சூரியகாந்திதான்" என்பார் அப்பா. நீங்கள் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை. ஆகவே தீர்ப்புச் சொல்லும்படி உங்களிடமே வந்தாலும் வரலாம். என்ன சொல்வீர்கள்?

'எந்த எண்ணெய் நல்லது?' என்ற கேள்வியே பாதிக் கேள்விதான் என்பது என் கருத்து. எந்த வேலைக்கு, எவ்வளவு, எத்தனை முறை காய்ச்சியது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வியாகும். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு கிராம் கணக்கு

முதலில் இரண்டுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஏறத்தாழ முழுக்க முழுக்கக் கொழுப்பே. ஒரு கிராம் எண்ணெய் தருவது சுமார் 9 கிலோ கலோரி ஆற்றல். விலை உயர்ந்த எண்ணெயானாலும் மலிவான எண்ணெயானாலும் இதில் மாற்றமில்லை. 'லேசான எண்ணெய்' என்று யாராவது சொன்னால், அது நிறத்தையும் மணத்தையும் பற்றிய பேச்சு; கலோரியைப் பற்றியது அல்ல.

வேறுபாடு கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்களாலான ஒரு நீண்ட சங்கிலி. அதில் இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் அது நிறைவுற்ற அமிலம். ஒன்று இருந்தால் ஒற்றை நிறைவுறா அமிலம். ஒன்றுக்கு மேல் இருந்தால் பன்மை நிறைவுறா அமிலம். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 11 பங்கு நிறைவுற்றது. பன்மை நிறைவுறாதது பெரும்பாலும் சுமார் 60 பங்கு. நல்லெண்ணெயில் நிறைவுற்றது சுமார் 15 பங்கு. ஒற்றை நிறைவுறாததும் பன்மை நிறைவுறாததும் ஏறத்தாழச் சமமாக, நாற்பது நாற்பது பங்கு.

நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, அதன் இடத்தில் பன்மை நிறைவுறாத கொழுப்பைச் சேர்த்தால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் குறைகிறது. இது நன்கு நிறுவப்பட்ட உண்மை. சூரியகாந்தியில் மிகுதியாக உள்ள லினோலியிக் அமிலம் நம் உடலால் செய்துகொள்ள முடியாத ஒன்று, உணவிலிருந்துதான் வரவேண்டும். வைட்டமின் ஈ-யும் அதில் அதிகம். 100 கிராமில் சுமார் 40 மில்லிகிராம். ஆகவே அப்பாவின் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் பென்சிலை எடுத்து ஒரு கணக்குப் போடுங்கள். ஒருவர் நாள் ஒன்றுக்கு 25 கிராம் எண்ணெய் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். நல்லெண்ணெயானால் அதில் நிறைவுற்ற கொழுப்பு 3.75 கிராம். சூரியகாந்தியானால் 2.75 கிராம். வேறுபாடு ஒரே ஒரு கிராம்தான்!

இப்போது, "இது இதயத்துக்கு நல்ல எண்ணெய் ஆயிற்றே" என்ற தைரியத்தில் இரண்டு தேக்கரண்டி கூடுதலாக, அதாவது ஏறத்தாழ 10 கிராம், ஊற்றுகிறோம் என்று வையுங்கள். 35 கிராம் சூரியகாந்தி எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 3.85 கிராம். குறைத்த ஒரு கிராமும் திரும்பி வந்துவிட்டது. கூடவே 90 கிலோ கலோரியும் வந்து சேர்ந்தது. பன்மை நிறைவுறாத கொழுப்பும் கூடியிருக்கிறதே என்று நீங்கள் வாதிடலாம். சரிதான். ஆனால் உடல் எடை கூடினால் இதயத்துக்கு அது நன்மையாகுமா? எண்ணெயை மாற்றுவது எளிது. கரண்டியைச் சிறிதாக்குவதுதான் கடினம். விளம்பரங்கள் எளியதை மட்டுமே நமக்குச் சொல்கின்றன.

சில பாக்கெட்டுகளில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் பார்த்திருப்பீர்கள். பொருட்படுத்தத் தக்க அளவில் கொலஸ்ட்ரால் இருப்பது விலங்குணவில்தான். எள், சூரியகாந்தி, கடலை, தேங்காய் எதன் எண்ணெயிலும் அது கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. ஆகவே இந்த வாசகம் 'முள் இல்லாத வாழைப்பழம்' என்று எழுதி விற்பதைப் போன்றது. பொய் அல்ல, ஆனால் பயனும் இல்லை. நம் நாட்டின் 2011-ஆம் ஆண்டு உணவுப் பொருள் விவரச்சீட்டு விதிகள் 'கொலஸ்ட்ரால் எதிரி', 'இருமுறை சுத்திகரித்தது' போன்ற மிகைச் சொற்களை எண்ணெய் பாக்கெட்டில் போடக்கூடாது என்று தடுத்தன. அப்படி ஒரு தடை ஏன் தேவைப்பட்டது என்று சிந்தியுங்கள்.

அடுப்பின் மேல் நடப்பது என்ன?

சத்துப் பட்டியல் பாக்கெட்டில் இருக்கும் எண்ணெயைப் பற்றியது. நாம் உண்பதோ வாணலியில் காய்ந்த எண்ணெயை. அங்கேதான் வேடிக்கை இருக்கிறது.

எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு வெப்பநிலையில் தொடர்ந்து புகைய ஆரம்பிக்கும். அதைப் புகைநிலை என்பார்கள். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய்க்கு அது சுமார் 225 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் மேல். செக்கில் ஆட்டிய, சுத்திகரிக்காத நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 180 டிகிரிதான். பூரி, வடை பொரிக்கும் சூடே 170 முதல் 190 டிகிரி வரை இருக்கும். ஆகவே பொரிப்பதற்குச் சூரியகாந்தியே சிறந்தது, அது அதிகச் சூட்டைத் தாங்கும் என்று முடிவு கட்டத் தோன்றும்.

அவசரப்படாதீர்கள். புகைவது வேறு, கெடுவது வேறு. எண்ணெய் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆக்சிஜன். அது தாக்கும் இடம் இரட்டைப் பிணைப்பின் பக்கத்தில் உள்ள கரி அணு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்ட கரி அணுவோ மிகவும் பலவீனமானது. அதனால் இரண்டு பிணைப்புகள் கொண்ட லினோலியிக் அமிலம், ஒன்று மட்டும் கொண்ட ஒலியிக் அமிலத்தைவிடப் பத்து மடங்குக்கும் அதிக வேகத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. சூரியகாந்தி எண்ணெயை எது இதயத்துக்கு உகந்ததாக்குகிறதோ, அதுவே வாணலியில் அதன் பலவீனமாகிறது!

நல்லெண்ணெயிலும் நாற்பது பங்கு லினோலியிக் அமிலம் உண்டே, அது ஏன் விரைவில் கெடுவதில்லை? அதற்குக் காவலர்கள் இருக்கிறார்கள். செசமின், செசமோலின் என்ற பொருள்கள் எள்ளில் நிறைந்தவை. செசமோலின் சூடுபடும்போது அதிலிருந்து செசமோல் பிறக்கிறது. இது ஆக்சிஜனின் தாக்குதலைத் தடுக்கும் ஆற்றல் மிக்கது. பாட்டியின் ஊறுகாய் ஜாடியில் மேலே மிதக்கும் நல்லெண்ணெய், காற்றை உள்ளே விடாமல் மூடுவதோடு, தானும் எளிதில் சிக்கு வாடை அடிக்காமல் மாதக்கணக்கில் நிற்பதன் இரகசியம் இதுதான். பாட்டி செசமோலைக் கண்டதில்லை. ஆனால் அதன் வேலையைக் கண்டிருக்கிறார்.

ஆகவே புகைநிலை என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் சூரியகாந்தி வெல்கிறது. கெடாமல் நிற்பதைப் பார்த்தால் நல்லெண்ணெய் வெல்கிறது. பாக்கெட்டில் உள்ள வைட்டமினைப் பார்த்தால் மறுபடியும் சூரியகாந்தி. ஓர் அளவுகோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுகிறவர் யாரானாலும், அவர் விஞ்ஞானி அல்ல, வியாபாரி.

செக்குக் கட்சிக்கும் ஒரு சொல்

பாக்கெட் விளம்பரத்தைக் கேள்வி கேட்கிற நாம் செக்கு விளம்பரத்தையும் அதே கேள்வி கேட்கவேண்டும். 'சுத்திகரித்த எண்ணெய் விஷம், செக்கு எண்ணெய் மருந்து' என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். சுத்திகரிக்கும்போது பசைப்பொருள்களும் தனி அமிலங்களும் நீங்குகின்றன. நிறமும் மணமும் போகின்றன. வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதியும் போகிறது. அதற்கு ஈடாகப் புகைநிலை உயர்கிறது. செக்கு எண்ணெயில் மணமும் காவல் பொருள்களும் தங்குகின்றன. ஆனால் புகைநிலை தாழ்ந்தே இருக்கிறது. இது கொடுக்கல் வாங்கல். விஷமும் அல்ல, மருந்தும் அல்ல. செக்கிலிருந்து வந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரிதான்.

உண்மையான எதிரி

அப்படியானால் பயப்பட வேண்டியது எதற்கு? திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு. பொரித்த எண்ணெயை எடுத்து வைத்து, மறுநாள் புது எண்ணெய் கொஞ்சம் ஊற்றி, மறுபடியும் பொரிக்கும்போது உடைந்த கொழுப்புகளும் ஆல்டிஹைடுகளும் பெருகுகின்றன. எண்ணெய் கறுக்கிறது, கெட்டிப்படுகிறது, நுரைக்கிறது, முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைகிறது. இப்படிக் கெட்ட பொருள்களின் அளவு நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. அத்தகைய எண்ணெயிலிருந்து உயிர் டீசல் செய்யலாம், வடை செய்யலாகாது. இதில் எள் என்றும் சூரியகாந்தி என்றும் பேதமில்லை. பள்ளி வாசலில் பஜ்ஜி வாங்கும் முன் கடைக்காரர் எந்த எண்ணெய் வாங்குகிறார் என்பதைவிட, வாணலியின் நிறத்தைப் பாருங்கள்.

இனி உங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். இரண்டு எண்ணெயும் சமையலறையில் இருக்கட்டும் என்பதே என் தீர்ப்பு. தோசைக்கும் இட்லிப் பொடிக்கும் வத்தக்குழம்புக்கும் ஊறுகாய்க்கும் நல்லெண்ணெய். தாளிப்புக்கும் பொரியலுக்கும் சூரியகாந்தி. பண்டிகை நாளில் பொரிக்க வேண்டுமானால் வாணலியில் கொஞ்சமாக ஊற்றி, மிஞ்சியதை மீண்டும் பொரிக்க வைத்திராதீர்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய உணவூட்ட நிறுவனமும் ஒரே எண்ணெயை நம்பியிராமல் எண்ணெய்களை மாற்றியும் கலந்தும் பயன்படுத்தவே சொல்கிறது.

தீர்ப்பைச் சொல்வதற்கு முன் ஓர் ஆய்வு செய்யுங்கள். இந்த மாதம் உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று எழுதி வையுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ அல்ல, சுமார் 910 கிராம்தான் என்பதை மறவாதீர்கள். அதைக் கிராமாக்கி, வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையாலும் 30 நாளாலும் வகுத்துப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 25 கிராம் என்றால் மாதம் 3 கிலோ, அதாவது சுமார் மூன்றே கால் லிட்டர்.

உங்கள் விடை அதைவிட எவ்வளவு கூடுகிறது? அந்த எண்ணைப் பாட்டியிடமும் அப்பாவிடமும் காட்டுங்கள். எந்த எண்ணெய் என்ற வழக்கு அத்துடன் எவ்வளவு எண்ணெய் என்ற பேச்சாக மாறும். மாறினால், அதுதான் நல்ல தீர்ப்பு.